பறவையை அதன் வாழிடத்தோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கற்றுக்கொள்வது பெயர்களைத்தான். அது தேவையான பயிற்சியே. ஆனால் பெயர் தெரிந்த மறுகணமே பார்வை அடுத்த பறவைக்குத் தாவிவிடுகிறது. அந்த அலகு ஏன் அப்படி வளைந்திருக்கிறது, அந்தக் கால் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது, வெயில் ஏறியதும் அது ஏன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது என்னும் கேள்விகள் எழாமலேயே போய்விடுகின்றன. அக்கேள்விகளை ஓர் ஒழுங்கில் கேட்கப் பழகிக்கொண்டால், ஒரு பறவையின் உடலும் நடத்தையும் அது வாழும் சூழலோடு எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதில் பாதியையாவது நாமே கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டியவை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, ஒரே பறவையை அரை மணி நேரமாவது விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை ஆகிய மூன்றுதான். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டினால் பயனில்லை.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்

‘தகவமைப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும், கொக்கு நீரில் நிற்க வேண்டியிருந்ததால் தன் காலை நீட்டிக்கொண்டது என்பதுபோல் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எந்தத் தனிப்பறவையும் தன் தேவைக்கேற்ப உடலை மாற்றிக்கொள்வதில்லை. ஓர் இனத்தின் பறவைகளுக்கிடையே பிறவியிலேயே சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றுள் சில, குறிப்பிட்ட சூழலில் பிழைக்கவும் குஞ்சு பொரிக்கவும் கூடுதலாக உதவுகின்றன. அந்த வேறுபாடுகள் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படும்போது இனத்தின் சராசரி மெல்ல நகர்கிறது. மாறுவது கூட்டம், தனிப்பறவை அன்று.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட கருத்தன்று; கண்முன்னே அளந்து பார்க்கப்பட்டது. கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்ற, அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு சிறு தீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் ஆய்வாளர் தம்பதியர் 1973 முதல் ஃபிஞ்சு எனப்படும் விதையுண்ணும் சிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் விரைவில் தீர்ந்துபோயின. நெருஞ்சி இனத்துச் செடியின் கடினமான முட்காய்களே பெருமளவில் எஞ்சின. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டியிருந்தது. தரைச்சிட்டுகளில் ஓர் இனத்தில் பெரும்பாலான பறவைகள் மடிந்தன; பிழைத்தவற்றில் தடித்த அலகுள்ளவையே மிகுதி. அவற்றின் குஞ்சுகளின் அலகு, வறட்சிக்கு முந்தைய தலைமுறையைவிடச் சராசரியாக ஏறத்தாழ 4 விழுக்காடு தடித்திருந்தது. பிறகு 1983-இல் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகியபோது, அடுத்து வந்த ஆண்டுகளில் சிறிய அலகுள்ளவையே மேலோங்கின. ஆகவே, ‘நல்ல அலகு’ என்று பொதுவாக எதுவும் இல்லை. இந்த இடத்துக்கு, இந்த ஆண்டுக்கு நல்ல அலகு என்றுதான் சொல்ல முடியும். இனி வரும் படிகள் அனைத்திலும் இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பறவைக்கு முன் இடத்தைப் பாருங்கள்

புதியவர்கள் செய்யும் தவறுகளுள் பெரியது பறவையிலிருந்து தொடங்குவது என்பது என் உறுதியான கருத்து. பறவையை முதலில் பார்த்தால், அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனைக் கற்பித்துவிட மனம் துடிக்கும். இடத்தை முதலில் பார்த்தால், அங்கே வாழ்வதில் என்ன இடர் இருக்கிறது என்பது தெரியும்; பறவை அதற்கு என்ன விடை வைத்திருக்கிறது என்று பிறகு தேடலாம்.

பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடாமல் உட்கார்ந்து இவற்றை எழுதுங்கள். இங்கே உணவு எங்கே இருக்கிறது: மண்ணுக்கு அடியிலா, பட்டைக்குள்ளா, நீருக்குள்ளா, காற்றிலா? ஆண்டு முழுவதும் கிடைக்குமா, ஒரு பருவத்தில் மட்டுமா? தண்ணீர் நன்னீரா, உப்புநீரா, அல்லது அருகில் நீரே இல்லையா? நிழல் உண்டா? ஒளிந்துகொள்ளப் புதர் உண்டா? வேட்டையாட வருபவை வானிலிருந்து வருமா, தரையிலிருந்து வருமா?

கடலோரச் சேற்றுவெளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உணவு சேற்றுக்குள் வெவ்வேறு ஆழத்தில் புதைந்திருக்கிறது. மறைவிடம் ஏதும் இல்லை. ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல்நீர், ஏறும்போது உணவுக்களமே நீரில் மூழ்கிவிடுகிறது. இவ்வளவும் எழுதியதுமே நாம் சிலவற்றை எதிர்பார்க்கலாம்: பல நீளங்களில் அலகுகள், கூட்டமாக இருந்து மாறிமாறிக் காவல் காக்கும் பழக்கம், சூரியனைவிட ஓதத்தைப் பின்பற்றும் அன்றாட ஒழுங்கு. பார்த்தால் அப்படியே இருக்கும். உப்புக்கொத்திகளுக்குக் குட்டையான அலகும் பெரிய கண்களும் உள்ளன. அவை சிறிது தூரம் ஓடி, நின்று, மேற்பரப்பில் அசைவதைக் கண்டு கொத்துகின்றன. உள்ளான்களோ கண்ணை நம்பாமல் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தித் துழாவுகின்றன. அவற்றின் அலகு நுனியில் தொடுவுணர்வு நரம்பு முனைகள் செறிந்திருப்பதால், பார்க்காமலேயே புழுவை உணர முடிகிறது. பல உள்ளான்களால் அலகு முழுவதையும் திறக்காமல் அதன் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்றவும் முடியும்; சேற்றுக்குள் முழு வாயைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். இரவில் ஓதம் வற்றினால் இரவிலும் இவை மேய்கின்றன.

இரண்டாம் படி: அலகை, அது வேலை செய்யும்போது பாருங்கள்

அலகின் வடிவத்தை வைத்து உணவை ஊகிக்கும் பழக்கத்தைப் பாடநூல்களே நமக்குக் கற்றுத் தருகின்றன: கூம்பு அலகு விதைக்கு, கொக்கி அலகு இறைச்சிக்கு, ஊசி அலகு தேனுக்கு. தொடக்கத்துக்கு இது போதும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். படத்தில் இருக்கும் அலகைவிட, இயங்கும் அலகு பல மடங்கு சொல்லும்.

நத்தை குத்தி நாரையின் அலகை மூடியிருக்கும்போது பார்த்தால், நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பாக்குவெட்டிபோல் அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நசுக்குகிறது என்று முதல் பார்வையில் தோன்றும். பொறுமையாகப் பார்த்தால் வேறு காட்சி கிடைக்கும். நாரை நத்தையை நசுக்குவதில்லை; மேல் அலகால் ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரிய கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, தசையை அறுத்து, உடலை முழுதாக வெளியே இழுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கீழே விழுகிறது. இளம் பறவைகளின் அலகில் அந்த இடைவெளி காணப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது எவ்வளவு ஏமாற்றும் என்பது விளங்கும்.

பூநாரையின் அலகும் அப்படித்தான். நேராக நிற்கும்போது அது தலைகீழாகப் பொருத்தப்பட்டதுபோல் தோன்றுகிறது: கீழ்ப்பகுதி ஆழமான தொட்டிபோலவும் மேல்பகுதி அதன் மெல்லிய மூடிபோலவும் இருக்கின்றன. பறவை தலையைக் கவிழ்த்து நீருக்குள் விட்டதும் எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. தடித்த நாக்கு முன்னும் பின்னும் வேகமாக அசைந்து நீரை உறிஞ்சி வெளித்தள்ள, அலகின் ஓரங்களில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் பாசியையும் நுண்ணிய உயிர்களையும் வடித்து நிறுத்துகின்றன.

அலகைக் கவனிக்கும்போது குறிப்பேட்டில் மூன்று செய்திகளைத் தவறாமல் எழுதுங்கள்: இரை எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை முயற்சிக்கு ஒன்று கிடைத்தது, எடுத்ததை விழுங்குமுன் பறவை என்ன செய்தது. பஞ்சுருட்டான் தேனீயைக் கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கின் நஞ்சை வெளியேற்றிய பிறகே விழுங்குகிறது. மீன்கொத்தி மீனின் தலை முன்னே வருமாறு திருப்பிக்கொண்டு விழுங்குகிறது, அப்போதுதான் செதிலும் துடுப்பும் தொண்டையில் குத்தாது. மூன்றாவது செய்தியைப் பதிவு செய்யாதவர்களுக்கு இத்தகைய நடத்தைகள் கண்ணில் படுவதே இல்லை.

அலகுக்கு உணவைத் தவிர வேறு வேலைகளும் உண்டு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, டூக்கன் என்னும் அமெரிக்க வெப்பமண்டலப் பறவையின் பேரலகு உடல்வெப்பத்தை வெளியேற்றும் உறுப்பாகவும் பயன்படுகிறது என்பதைக் காட்டியது. வெப்பம் மிகும்போது அதற்குள் ஓடும் குருதி கூடுகிறது, குளிரில் குறைகிறது. இறகை நீவவும், கூடு கட்டவும், சண்டையிடவும் அதே அலகுதான். தென் அமெரிக்காவின் வாளலகு ரீங்காரச்சிட்டுக்கு வாலை விட்டுவிட்டால் உடலைவிட நீளமான அலகு இருக்கிறது. நீண்ட குழல்போன்ற பூக்களின் அடியில் உள்ள தேன் அதற்கு எட்டுகிறது. ஆனால் அவ்வளவு நீண்ட அலகால் தன் இறகுகளைக் கோத முடியாததால், அந்த வேலைக்கு அது காலைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைத் தேடிப் பார்ப்பதுதான் நல்ல பார்வையாளரின் அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாம் படி: காலும் விரலும்

அலகு எதை உண்கிறது என்பதைச் சொன்னால், கால் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். ஆகவே பறவை நின்றிருக்கும் பரப்பையும் விரல்களையும் சேர்த்தே பாருங்கள். இலைக்கோழியின் விரல்களும் நகங்களும் அதன் உடலுக்கு ஒவ்வாத அளவுக்கு நீண்டவை. உடலின் எடை பல இலைகளின்மேல் பரவுவதால் அது தாமரை இலைமேல் மூழ்காமல் நடக்கிறது. முக்குளிப்பானின் கால்கள் உடலின் கடைசியில், கப்பலின் உந்துவிசிறிபோல் பொருத்தப்பட்டிருக்கின்றன. நீருக்குள் பாய அது மிகச் சிறந்த இடம், தரையில் நடக்க மிக மோசமான இடம். மரங்கொத்தியின் விரல்கள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருக்க, விறைப்பான வாலிறகுகள் மூன்றாம் காலாக மரத்தில் ஊன்றிக்கொள்கின்றன. விரால் அடிப்பானால் வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி வழுக்கும் மீனை இருபுறமும் சமமாகப் பற்ற முடியும். அதன் பாதத்தின் அடிப்புறத்தில் கூரிய சொரசொரப்பும் உண்டு. தீக்கோழிக்கு ஒரு காலில் இரண்டே விரல்கள்; தரையைத் தொடும் பகுதி குறைந்திருப்பது, மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடும் அதன் வேகத்தோடு பொருந்தி வருகிறது.

நான்காம் படி: பறக்கும்போது சிறகைப் படியுங்கள்

பறவை மேலே பறந்தவுடன் பலர் பைனாகுலரை இறக்கிவிடுகிறார்கள். சிறகைப் படிப்பதற்கான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. சிறகு நீண்டு ஒடுங்கியதா, அகன்று குட்டையானதா, நுனி கூரியதா அல்லது விரல்போல் பிரிந்ததா என்று பாருங்கள்; பிறகு ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது, எவ்வளவு நேரம் அடிக்காமல் மிதக்கிறது என்று எண்ணுங்கள்.

அகன்ற சிறகும் விரல்போல் பிரிந்த நுனியும் கொண்ட கழுகுகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும்வரை கிளம்பத் தயங்குகின்றன. அந்தக் காற்றுத்தூணில் வட்டமிட்டு உயர்ந்து, அடுத்த தூணுக்குச் சறுக்கிச் செல்கின்றன. அவற்றின் காலை நேரச் சோம்பல் ஒரு சிக்கனம். அல்பட்ராஸ் என்னும் பெருங்கடற்பறவைக்கு மேலெழும் வெப்பக்காற்று தேவையில்லை. சிறகுவிரிவு மூன்றரை மீட்டர்வரை எட்டும் அலையும் அல்பட்ராஸ், அலைகளுக்கு அருகில் மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும் காற்றின் வேறுபாட்டைப் பயன்படுத்தி, மாறிமாறி ஏறி இறங்கி, ஏறத்தாழச் சிறகடிக்காமலே பெருங்கடலைக் கடக்கிறது; தோள்மூட்டில் உள்ள ஒரு தசைநாண் அமைப்பு விரித்த சிறகைப் பூட்டிப் பிடிப்பதால் தசைக்கு உழைப்பும் குறைகிறது. உழவாரனின் சிறகு அரிவாள்போல் பின்வளைந்தது. ஐரோப்பாவில் கூடு கட்டும் உழவாரன்களில் சில, கூடு கட்டாத காலத்தில் பத்து மாதங்கள்வரை எங்கும் இறங்காமல் காற்றிலேயே வாழ்கின்றன என்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட பறவைக்கு நடக்கும் கால் எதற்கு? அதன் கால்கள் சுவரைப் பற்றித் தொங்குவதற்கு மட்டும் போதுமான அளவில் சிறுத்திருக்கின்றன.

வலசைப் பறவைகளின் தகவமைப்பில் பெரும்பகுதி உடலுக்குள்ளே மறைந்திருக்கிறது. 2022-இல், பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் இடைநில்லாமல் கடந்தது, அதன் உடலில் பொருத்தியிருந்த கருவியால் பதிவாயிற்று. இந்த இனம் பயணத்துக்குமுன் உடலில் பெருமளவு கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதோடு, வழியில் தேவைப்படாத செரிமான உறுப்புகளைச் சுருக்கியும் கொள்கிறது. இமயத்தைக் கடக்கும் வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. இவற்றைப் பைனாகுலரால் காண முடியாது. ஆனால் வலசைக்கு முந்தைய வாரங்களில் பறவைகள் இடைவிடாமல் மேய்ந்து வயிறும் மார்பும் பருப்பதை, ஒரே கூட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் கண்ணாலேயே காணலாம்.

கண், காது, மூக்கு

இது தனிப் படியாகக் கொள்ளத்தக்கது அன்று. ஆயினும் விட்டுவிடக் கூடாது. கண்கள் பக்கவாட்டில் இருந்தால் அந்தப் பறவைக்கு அகலமான பார்வை தேவை, அதாவது அது யாருக்கோ இரையாகக்கூடும். முன்னோக்கி இருந்தால் தூரத்தைத் துல்லியமாக அளக்க வேண்டிய வேட்டையாடியாக இருக்கலாம். கூகையின் காதுத்துளைகள் இருபுறமும் சம உயரத்தில் இல்லை. ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாடும் வலிமை வேறுபாடும் இரை இருக்கும் திசையையும் உயரத்தையும் அதற்குத் தெரிவிப்பதால், முழு இருட்டிலும் அது எலியைப் பிடிக்க வல்லது. அதன் சிறகிறகின் முன்விளிம்பில் உள்ள சீப்புப்பல் போன்ற ஓரம் காற்றின் ஓசையை அடக்குகிறது. நியூசிலாந்தின் கிவிக்கு மூக்குத்துளைகள் அலகின் நுனியிலேயே இருக்கின்றன. மண்ணுக்குள் இருப்பதை அது முகர்ந்தே தேடுகிறது.

ஐந்தாம் படி: வெப்பம், குளிர், உப்பு, தாகம்

என் பார்வையில் இதுவே மிகவும் வளமான படி. பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் படியும் இதுதான். அலகும் சிறகும் எப்போதும் கண்ணில் படும். உடல் தன் வெப்பத்தையும் நீரையும் காத்துக்கொள்வதோ, பறவை ‘சும்மா’ நின்றிருக்கும்போதுதான் நடக்கிறது. ஆகவே, பறவை எதுவும் செய்யாத நேரத்தில்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை; அவற்றின் உடல்வெப்பமோ நம்முடையதைவிடக் கூடுதலாக, பல இனங்களில் 40 டிகிரி செல்சியஸையொட்டி இருக்கிறது. நண்பகலில் ஒரு நீர்க்காகத்தையோ கூழைக்கடாவையோ பாருங்கள்: வாயைத் திறந்து, தொண்டைத் தோலை மட்டும் வேகமாகத் துடிக்கச் செய்துகொண்டிருக்கும். ஈரமான தொண்டையிலிருந்து நீர் ஆவியாகி உடல் குளிர்கிறது. தொண்டை மட்டுமே அசைவதால் அதற்குச் செலவாகும் ஆற்றலும் குறைவு. நாரைகளுள் சில தம் கால்களின் மேலேயே நீர்த்த எச்சத்தைக் கழிக்கின்றன. அது அசுத்தம் அன்று. ஆவியாகும் ஈரம் காலில் ஓடும் குருதியைக் குளிர்விக்கிறது. வெயிலில் நாரையின் கால்கள் வெள்ளை பூசியதுபோல் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

குளிரில் இதற்கு எதிர்மாறான வேலை நடக்கிறது. வாத்து பனிக்கட்டிமேல் நிற்கும்போது, உடலிலிருந்து காலுக்கு இறங்கும் சூடான குருதியும் காலிலிருந்து ஏறும் குளிர்ந்த குருதியும் ஒட்டி ஓடும் குழாய்களில் செல்வதால், வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி உடலுக்கே திரும்பிவிடுகிறது. கால் மட்டும் குளிர்ந்திருக்கிறது. உடல் சூடாக இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பதும் வெப்பம் வெளியேறும் பரப்பைப் பாதியாக்கும் வழியே. அன்டார்க்டிகாவின் எம்பெரர் பென்குயின்களில் ஆண்பறவை, கூடு எதுவும் இல்லாமல், ஒரே முட்டையைத் தன் பாதங்களின்மேல் வைத்து வயிற்றுத் தோல்மடிப்பால் மூடி, நடுக்குளிர்காலத்தில் ஏறத்தாழ 65 நாட்கள் அடைகாக்கிறது. அந்நாட்களில் அது உண்பதே இல்லை. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, மெல்ல நகர்ந்துகொண்டே இடம் மாறிக்கொள்ளும் அந்தக் கூட்டம் இல்லாமல், தடித்த இறகும் கொழுப்பும் மட்டும் அதைக் காப்பாற்றப் போதா. உடலமைப்பையும் நடத்தையையும் தனித்தனியே பிரித்துப் படிப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆண்டீஸ் மலையின் ரீங்காரச்சிட்டுகள் வேறொரு வழியைக் கையாள்கின்றன. இரவு முழுவதும் உடலைச் சூடாக வைத்திருக்கும் அளவுக்கு அந்தச் சிற்றுடலில் ஆற்றல் இருப்பு இல்லை. ஆகவே அவை உடல்வெப்பத்தைத் தாழவிட்டு ஆழ்ந்த மயக்கநிலைக்குச் செல்கின்றன. 2020-இல் வெளியான ஆய்வில் அவற்றுள் ஒன்றின் உடல்வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியது பதிவானது. விடியலில் அது மீண்டும் சூடேறிப் பறந்தது.

கடற்பறவைகள் உப்புநீரைக் குடித்து வாழ்வது, கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பிகளால் முடிகிறது. கடற்காகத்தின் அலகு நுனியிலிருந்து ஒரு துளி நீர் சொட்டுவதையும் அது தலையை உதறுவதையும் கண்டால், மிகையான உப்பு வெளியேறுவதைத்தான் பார்க்கிறீர்கள். வறண்ட நிலத்தின் கல் கௌதாரி இனங்கள் பலவற்றில் ஆண்பறவை நீர்நிலைக்குப் பறந்து, வயிற்றை நீரில் அமிழ்த்தி, பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் சிறப்பான வயிற்றிறகுகளில் நீரை ஏந்திக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிறது. குஞ்சுகள் அந்த இறகுகளை அலகால் வழித்துக் குடிக்கின்றன.

ஆறாம் படி: கூடும் குஞ்சும்

கூட்டைத் தேடிப் போகாதீர்கள். தூரத்தில் நின்று பறவை எங்கே போய்வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் தடத்தைத் தொடர்ந்து வேட்டையாடிகள் கூட்டை அடையக்கூடும் என்பதோடு, நீங்கள் அருகில் இருந்தால் பறவை காட்டுவது அதன் இயல்பான நடத்தையாகவும் இராது. தரையில் முட்டையிடும் உப்புக்கொத்தி, சிறகு முறிந்ததுபோல் நடித்து உங்களை ஒரு திசையில் இழுத்துச் சென்றால், அதைத் தொடராமல் வந்த வழியே விலகிவிடுவதே சரி.

கூடு அமைந்துள்ள இடம் வேட்டையாடிகளைப் பற்றிய ஒரு குறிப்பு. தூக்கணாங்குருவி நீர்மேல் தொங்கும் கிளை நுனியைத் தேர்ந்து, கீழ்நோக்கிய குழல்வழியாக நுழைவது பாம்புக்குத் தடை. இருவாச்சியில் பெண்பறவை மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாயிலை அடைத்துவிட, ஆண்பறவை ஒரு சிறு பிளவு வழியாக மாதக்கணக்கில் உணவு ஊட்டுகிறது. ஆள்காட்டி வெட்டவெளியில் கூழாங்கற்களோடு கலந்துவிடும் புள்ளி முட்டைகளை இடுகிறது. கடும்வெயிலில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது.

ஏழாம் படி: உங்கள் விளக்கத்தை நீங்களே சோதியுங்கள்

இதுவரை கண்டவற்றுக்கு விளக்கம் எழுதியிருப்பீர்கள். அதை உடனே நம்பிவிடாமல் சில கேள்விகளால் அசைத்துப் பாருங்கள். தொடர்பில்லாத வேறு பறவைகளிலும் இதே சூழலில் இதே அமைப்பு இருக்கிறதா? அமெரிக்காவின் ரீங்காரச்சிட்டும் ஆப்பிரிக்க, ஆசியத் தேன்சிட்டும் நெருங்கிய உறவினர்கள் அல்ல. இருந்தும் இரண்டுக்கும் நீண்டு ஒடுங்கிய அலகு வாய்த்திருப்பது, தேன் என்ற உணவே அந்த வடிவத்துக்குக் காரணம் என்பதை வலுப்படுத்துகிறது. மாறாக, ஓர் அமைப்பு நெருங்கிய உறவினர் அனைவரிடமும், அவர்கள் எங்கு வாழ்ந்தாலும், காணப்பட்டால் அது முன்னோரிடமிருந்து வந்த பொதுச்சொத்தாக இருக்கலாம். இன்றைய இடத்துக்கான தகவமைப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

அடுத்து, இது எந்தச் சூழலுக்கு உரியது என்று கேளுங்கள். நியூசிலாந்தில் மனிதர் வருமுன் வௌவால்களைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டிகள் இல்லை. காகபோ என்னும் பறக்காத பெருங்கிளிக்கு ஆபத்து வானிலிருந்துதான் வந்தது. அசையாமல் உறைந்து நிற்பது கண்ணால் வேட்டையாடும் பறவைகளிடமிருந்து தப்பப் போதுமானதாக இருந்தது. மோப்பத்தால் வேட்டையாடும் பூனையும், கீரிபோன்ற ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணியும் கொண்டுவரப்பட்டபோது அதே நடத்தை அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது. அதன் உடலும் நடத்தையும் இன்றில்லாத ஒரு சூழலுக்குப் பொருந்தியவை.

மூன்றாவதாக, இது பிறவியில் வந்ததா, கற்றுக்கொண்டதா, அப்போதைக்கு மாற்றிக்கொண்டதா? நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பெருஞ்சிட்டுகள் தாழ்ந்த சுரங்களைத் தவிர்த்து உயர்ந்த சுரத்தில் பாடுவதை 2003-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. ஒரு பறவை தன் வாழ்நாளுக்குள்ளேயே இத்தகைய மாற்றத்தைச் செய்துகொள்ளக்கூடும் என்பதால், எல்லா வேறுபாட்டையும் பரம்பரைக்கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கங்களையும் இப்படிச் சோதிக்கத் தயங்காதீர்கள். மரங்கொத்தியின் மண்டையோடு அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தைபோல் வேலை செய்கிறது என்று பல நூல்கள் எழுதின. 2022-இல் வெளியான ஆய்வொன்று, மரத்தைக் கொத்தும் பறவைகளை அதிவேகக் கேமராவால் படமெடுத்து அளந்தபோது, தலை ஒரு விறைப்பான சுத்தியல்போலவே இயங்குவதைக் கண்டது. எண்ணிப் பார்த்தால் இது இயல்பானதே: அதிர்ச்சியை உறிஞ்சும் சுத்தியல் ஆணியை நன்றாக அடிக்காது. மூளை சிறியதாக இருப்பதாலேயே அந்த விசை அதற்குத் தீங்கு செய்வதில்லை.

குறிப்பேட்டை எப்படி எழுதுவது

பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் பார்த்ததை மட்டும், நேரம், வெயில், காற்று ஆகியவற்றோடு எழுதுங்கள். இரண்டாவதில் உங்கள் விளக்கம். மூன்றாவதில், எதைப் பார்த்தால் இந்த விளக்கம் தவறாகும் என்பதை எழுதுங்கள். மூன்றாம் பகுதி வெறுமையாக இருந்தால் இரண்டாவதை அடித்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. நீர்க்காகம் நீரிலிருந்து ஏறிப் பாறையில் சிறகை விரித்து நிற்கிறது. விளக்கம்: அதன் இறகின் வெளிப்பகுதி நீரை ஏற்று நனைவதால் மிதப்பு குறைந்து மூழ்குவது எளிதாகிறது; பிறகு அதை உலர்த்த வேண்டியிருக்கிறது. எதைப் பார்த்தால் தவறாகும்: நீரில் இறங்காத பறவையும் அடிக்கடி சிறகை விரித்து நிற்குமானால். இப்போது அதே குளத்தில் அதேபோல் சிறகை விரித்து நிற்கும் பாம்புத்தாராவைப் பாருங்கள். பாம்புத்தாராவின் நெருங்கிய உறவினமான அமெரிக்க அன்ஹிங்காவில் நடந்த ஆய்வுகள், இந்த நிலை சூரியவெப்பத்தை வாங்கி உடலைச் சூடேற்றவும் உதவுகிறது என்று காட்டியுள்ளன. ஆகவே இரண்டு பறவைகளும் சிறகை விரிக்கும்போது நனைந்திருந்தனவா, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்றனவா, மேகம் மறைத்ததும் சிறகை மடக்கினவா, எத்தனை நிமிடம் விரித்திருந்தன என்பதை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி வையுங்கள்.